கோடு நிற்கக் கூடாது

ஒரு கோடு எவ்வளவு வேகமாக இழுக்கப்பட்டது என்பதை அந்தக் கோட்டிலிருந்தே படித்துவிடலாம். தடிமனும் கருமையும் நேர்த்தியும் முதலில் கண்ணில் படும். வேகம் அப்படிப் படாது. ஆனாலும் படம் பார்க்கிறவர் "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏதோ குறைகிறது" என்று தயங்கும்போது, பெரும்பாலும் அந்தக் குறை வரைந்த கையின் வேகத்தில் இருக்கிறது. பென்சில் படத்துக்கு மை போடும் வேலையைக் காகிதத்தில் ஆறு ஆண்டுகளும் திரையில் எட்டு ஆண்டுகளும் செய்த பிறகுதான் எனக்கு இது விளங்கியது. அதுவும் நானாகக் கண்டுபிடித்ததல்ல.

ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலருக்காக, பினாங்கு லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளை எட்டுப் பக்கங்களுக்கு வரைந்து கொடுத்தேன். லெபோ பாசார், குயின் தெரு, 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோவிலின் கோபுரம், பூக்கடை, மசாலை அரைக்கும் கடை. பதினொரு நாள்களில் எல்லாவற்றையும் திரையிலேயே முடித்தேன். திரையில் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. அச்சாகி வந்த மலரைப் பிரித்தபோது கூரைகள் சாம்பல் பூசியதுபோல் கிடந்தன. தூணும் மனிதரும் சன்னலும் ஒரே கனத்தில், ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தன. அச்சகத்தின் மேல் எந்தப் பிழையும் இல்லை. நான் அனுப்பியதைத்தான் அவர்கள் அச்சிட்டிருந்தார்கள்.

அந்த மலரை எடுத்துக்கொண்டு பலகை மாமாவிடம் போனேன். நான் சிறுமியாக இருந்தபோது அந்த வட்டாரத்துக் கடைப் பலகைகளில் பாதி அவர் எழுதியவை. எனாமல் சாயம், நீண்ட மயிர் வைத்த மெல்லிய தூரிகை, முனையில் துணி சுற்றிய ஒரு குச்சி. அந்தக் குச்சியைப் பலகையில் சாய்த்து, அதன்மேல் மணிக்கட்டைத் தாங்கி, எழுத்தின் வளைவை ஒரே மூச்சில் இழுப்பார். கணினியில் அச்சிட்ட பிளாஸ்டிக் பலகைகள் வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துபோனது. இப்போது மாலையில், கடைவீட்டின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையான ஐந்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் படத்தில் ஒரு தூணின் கோட்டின் மேல் விரல் நகத்தை மெதுவாக ஓட்டினார்.

"கோடெல்லாம் நின்று நின்று போகிறதே, அம்மா. யாரிடமாவது கேட்டுக் கேட்டு இழுத்தாயா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது அப்படியே உண்மை. படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி வைத்து, கோட்டை நேராக்கும் ஸ்டெபிலைசரை நூற்றுக்கு எழுபதில் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு கோட்டையும் நான்கைந்து தடவை அழித்து அழித்து இழுத்திருந்தேன். நான் கேட்டுக்கொண்டிருந்தது மென்பொருளிடம்.

கை ஏன் நடுங்குகிறது என்பதிலிருந்து தொடங்கினால் மற்றவை புரியும். நோயில்லாத எந்த மனிதரின் கையிலும் இயல்பாகவே ஒரு நுண்ணிய நடுக்கம் உண்டு, விநாடிக்கு 8 முதல் 12 அசைவுகள் வரை. பத்து என்று வைத்துக்கொள்வோம். பத்து சென்டிமீட்டர் கோட்டை அரை விநாடியில் இழுத்தால் அதற்குள் ஐந்து அசைவுகள்தான் அடங்கும். ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவி, கண்ணுக்குத் தெரியாத மென்மையான வளைவாகக் கரைந்துவிடும். அதே கோட்டை ஐந்து விநாடி எடுத்துக்கொண்டு கவனமாக இழுத்தால் ஐம்பது அசைவுகள் விழும், இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்று வீதம். அதுதான் கம்பளிப்பூச்சிபோல் நெளியும் கோடு. தொடக்கக்காரர்கள் கோடு நடுங்கக் கூடாது என்று இன்னும் மெதுவாக இழுக்கிறார்கள், இன்னும் நடுங்குகிறது.

என் பாட்டிக்கு இது தெரிந்திருந்தது. அவர் செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும் என்பதால் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார். மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, இடது மேலிலிருந்து வலது கீழாகச் சரியும் ஒரு வெட்டு. ஒவ்வொரு முறையும் முந்தைய வெட்டின் விளிம்பில் மெல்லிய பட்டை ஒன்றை உளியால் சீவி எடுக்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் கூடிவிட்டாலோ உள்ளே இருக்கும் உயிருள்ள தோல் காயப்பட்டு, மறுபடி வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். மேற்பார்வை பார்க்கும் தண்டல் வந்து பார்த்து ஏசுவார். பாட்டி ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், வீட்டுக்குப் பின்னால் நின்ற ஒற்றைக் கித்தா மரத்தில் எனக்குச் சீவிக் காட்டினார். உளி பட்டையைத் தொடுவதற்கு முன்பே அவர் தோள் நகரத் தொடங்கிவிட்டது. நான் முயன்றபோது நடுவில் தயங்கினேன். தயங்கிய இடத்தில் ஒரு படி விழுந்து, பால் அந்தப் படியில் தேங்கி, பட்டைமேல் வழிந்து வீணாகியது. பால் பிடிக்கும் கிண்ணமான மங்குக்குள் போகவேயில்லை. "உளியை நிறுத்தாதே. போகிற இடத்தைப் பார்" என்றார் பாட்டி. அப்போது எனக்கு ஒன்பது வயது.

மை பேனாவிலும் நடப்பது ஏறத்தாழ இதுதான். தொட்டு எழுதும் பேனாவின் நிப்பு நடுவே பிளவுபட்ட எஃகுத் தகடு. அழுத்தினால் பிளவு விரிந்து மை அகலமாக இறங்கும், கோடு தடிக்கும். அழுத்தத்தை விட்டால் இரண்டு பற்களும் மூடிக்கொண்டு கோடு மெலியும். தன்னை நோக்கி இழுக்கும்போது மட்டுமே இது நடக்கும். எதிர்த்திசையில் தள்ளினால் பற்கள் காகிதத்தைக் குத்தி மையைத் தெறிக்கும். இத்துடன் வேகமும் சேர்கிறது. மெதுவாகப் போனால் காகிதம் அதிக மையைக் குடித்துக் கோடு ஊறிப் பருக்கும். மிக வேகமாகப் போனால் மை ஈடுகொடுக்க முடியாமல், நடுவே வெள்ளை விட்டு இரண்டு தண்டவாளங்களாகப் பிரியும். இவ்விரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு நிப்புக்கும் ஒவ்வொரு மைக்கும் பொருந்தும் வேகம் ஒன்று உண்டு. பயிற்சி என்று நான் சொல்வது அந்த வேகத்தைத் தோளுக்குப் பழக்குவதைத்தான்.

நிப்புகளில் நான் அதிகம் பயன்படுத்துவது நிக்கோ நிறுவனத்தின் ஜி நிப்பு. ஜப்பானிய மங்கா வரைகிறவர்களின் பழைய நண்பன் அது. கொஞ்சம் விறைப்பானது, அழுத்தும் கையைத் தாங்கும். கண் இமை, பூச்சரம் போன்ற நுணுக்கங்களுக்கு மாரு என்கிற மெல்லிய உருளை நிப்பு. புதிய நிப்பு வாங்கினால் துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதைத் துடைத்து எடுக்காவிட்டால் மை நிப்பில் ஒட்டாமல் முத்தாகத் திரண்டு பொத்தென்று படத்தில் விழும். பற்பசை வைத்துத் தேய்த்துக் கழுவினாலே போதும். நெருப்பில் காட்டும் வழக்கமும் உண்டு. எஃகின் பதம் போய்விடும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை. மையில் தோய்க்கும்போது நிப்பின் நடுவிலுள்ள சிறு துளை நனையும் வரைதான், அதற்குமேல் வேண்டாம். தோய்த்ததும் புட்டியின் வாயில் ஒரு தடவை தொட்டு எடுக்க வேண்டும்.

மை என்றால் எனக்கு இந்தியன் இங்க். விளக்குக் கரியைப் போன்ற நுண்ணிய கரித்தூள், அதைப் பிடித்துக்கொள்ளும் அரக்கு, தண்ணீர். காய்ந்த பிறகு மேலே தண்ணீர் பட்டாலும் கரையாது. வருடங்கள் போனாலும் வெளிறாது. ஓலைச் சுவடியில் எழுத்தாணியால் கீறி, பிறகு கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்து எழுத்தைத் தெரியவைத்த நம்மவர்களும் கரியைத்தான் நம்பியிருந்தார்கள். அங்கே கோடு முதலில் பிறந்தது, கருமை பிறகு வந்தது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. அரக்கு கலந்த மையை ஊற்றுப் பேனாவில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அடைத்துக்கொண்டு பேனாவே போய்விடும். தூரிகையையும் உடனுக்குடன் கழுவ வேண்டும். மயிர் தகரக் குழாய்க்குள் நுழையும் இடத்தில் மை காய்ந்தால் முனை இரண்டாகப் பிளந்து நிற்கும், மறுபடி ஒன்றுசேராது.

இந்த ஊரின் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பினாங்கில் காகிதம் எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரம் மையைப் பக்கவாட்டில் இழுத்து, கோட்டின் விளிம்பில் மயிர் முளைக்கவைக்கும். சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள நகல் காகிதத்தில் ஜி நிப்பு வைத்தால் அது சிலந்தி வலைதான். 200 கிராமுக்கு மேற்பட்ட, அழுத்தி வழவழப்பாக்கிய தடித்த காகிதம் வேண்டும். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைக் கூடவே வைத்திருக்கிறேன். மின்விசிறி இன்னொரு சிக்கல். அது ஓடினால் மை நிப்பிலேயே காய்ந்து அடைக்கிறது. நிறுத்தினால் கை வியர்த்துக் காகிதத்தில் ஒட்டுகிறது. கைக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம், சுவரைப் பார்த்துத் திருப்பிய மேசை விசிறி. பல வருடம் அலைந்து கடைசியில் வந்து சேர்ந்த ஏற்பாடு இது. மழைக்காலத்தில் ஒரு கோடு காய ஆகும் நேரத்தை நம்பவே கூடாது. மேலிருந்து கீழாக, வலக்கைக்காரர் இடமிருந்து வலமாக வரைந்தால் ஈரக்கோட்டின்மேல் கை போகாது. கடல் காற்று எஃகைத் தின்னும் என்பதால் நிப்பைக் கழுவித் துடைத்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.

பலகை மாமா அன்று எனக்குக் காட்டிய பயிற்சி எளிது. ஒரு பழைய நாளிதழின் மேல் இரண்டு புள்ளிகள் வைத்தார். முதல் புள்ளியின் மேல், காகிதத்தைத் தொடாமல், இரண்டு மூன்று தடவை காற்றிலேயே தூரிகையை ஓட்டினார். பிறகு அந்த ஓட்டத்திலேயே தூரிகை கீழே இறங்கியது. இரண்டாவது புள்ளிக்கு வந்தபோதும் கை நிற்கவில்லை. புள்ளியைத் தாண்டிக் காற்றில் போய்த்தான் நின்றது. அதனால் கோட்டின் வால் மெலிந்து முடிந்தது. கண் முழு நேரமும் இரண்டாவது புள்ளியிலேயே இருந்தது. தூரிகையின் முனையை அவர் பார்க்கவேயில்லை. நான் அங்கேயே உறைந்து நின்றேன். முப்பது வருடத்துக்கு முன் கித்தா மரத்தடியில் கேட்ட அதே சொல்லை இவர் கையால் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீண்ட கோட்டுக்குத் தோள், நடுத்தரத்துக்கு முழங்கை, இமைக்கும் நகத்துக்கும் விரல். கைக்கு வராத கோணத்தில் கோடு இருந்தால் கையை முறுக்காமல் காகிதத்தைத் திருப்ப வேண்டும். பென்சில் கோட்டின் மேல் அப்படியே ஊர்ந்துகொண்டு போகக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. கீழே இருக்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டே போகும் கை கட்டாயம் தயங்கும். பென்சில் சொல்வது இடத்தை மட்டும். அந்த இடத்தில் மையால் புதிதாக ஒரு கோட்டை வரைய வேண்டும். அது பென்சிலிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினால் விலகட்டும். அழிப்பான் போட்ட பிறகு யாருக்குத் தெரியப்போகிறது?

கருமையை எங்கே வைப்பது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை லெபோ பாசாரின் ஐந்தடிகள். நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை பாகை கூட இல்லாத ஊர் இது. நண்பகல் வெயில் தலைக்கு மேலிருந்து கொட்டுகிறது. நிழல் பக்கவாட்டில் நீளாமல் நேரே கீழே விழுகிறது. கடைவீட்டின் மாடி முன்னால் நீண்டு நிற்க, அதன் அடியில் ஐந்தடி முழுவதும் கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் இருண்டிருக்கும். என் ஆண்டு மலர்ப் படங்களில் அந்த இருட்டுக்குள் இருந்த சாக்கு, தராசு, கண்ணாடிப் புட்டி என்று ஒன்று விடாமல் கோடு போட்டிருந்தேன். மறுபடி வரைந்தபோது நான்காம் எண் தூரிகையால் அந்த இடத்தை ஒரே கறுப்பாக நிரப்பி, வாசலில் தொங்கும் பூமாலையையும் வெளிச்சத்தில் நீட்டியிருந்த ஒரு கையையும் மட்டும் வெள்ளையாக விட்டேன். கடை சட்டென்று ஆழம் பெற்றது. கூரை ஓடுகளும் அப்படித்தான். எல்லா ஓட்டையும் வரைந்தால் கூரை வலையாகிவிடும். தாழ்வாரத்து விளிம்பில் ஒரு வரிசை, ஓடு உடைந்து சரிந்த இடத்தில் கொஞ்சம், சுவரோடு சேரும் மூலையில் கொஞ்சம். வெயில் அறையும் நடுப்பகுதி வெறுமையாக இருக்கட்டும். கோடு கனக்க வேண்டிய இடங்கள் இறவாரத்தின் அடி, தாடையின் கீழ், இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொடும் இடம். வெளிச்சம் விழும் பக்கம் கோடு மெலியலாம், அறுந்தும் போகலாம்.

ஆனந்த விகடனில் கோயில்களை வரைந்த சில்பியின் படங்களை என் அப்பா பழைய இதழ்களிலிருந்து கத்தரித்து ஒரு கோப்பில் ஒட்டி வைத்திருந்தார். கல்லின் சொரசொரப்பு, சிலையின் வழவழப்பு, மண்டபத்து இருள் எல்லாம் வெறும் பேனாக் கோடுகளின் நெருக்கத்தால் வந்தவை. அதே கோப்பில் கோபுலுவின் படங்களும் இருந்தன. பத்துக் கோட்டில் ஒரு மாமி, ஒரு கூடை, ஒரு கோபம். ஒருவர் ஆயிரம் கோடு போடுகிறார், மற்றவர் பத்தோடு எழுந்துவிடுகிறார். இரண்டு பேரிடமும் தயங்கிய கோடு ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. நிழலுக்காகப் போடும் நெருக்கக் கோடுகளில்தான் நாம் பெரும்பாலும் சோர்ந்துபோய்க் கையை இழுத்தடிக்கிறோம். அவற்றைப் பொருளின் உடம்பு வளையும் திசையில், ஒரே தாளத்தில், ஒவ்வொன்றின் வாலும் மெலியும்படி போட வேண்டும். குறுக்குக் கோடு போடுவதென்றால் முதல் வரிசை நன்றாகக் காய்ந்த பிறகு. சரியாகச் செங்குத்தாக வெட்டினால் கம்பி வலைபோல் தெரியும். சாய்வாக வெட்டினால் நிழலாகப் படுக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கோடு தடித்து மெலிந்தால்தான் உயிர் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் சுவர்களில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் இருக்கின்றன. 2008-இல் நகரம் உலகப் பாரம்பரியத் தலமான பிறகு, அந்தந்தத் தெருவின் கதையைச் சொல்ல வைக்கப்பட்டவை. கம்பி தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமன். ஆனாலும் அந்த மனிதர்கள் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், சுமக்கிறார்கள். வளைவு எங்கே இறுகுகிறது, எங்கே நீள்கிறது என்பதிலேயே அவர்களின் அசைவு இருக்கிறது. காலை வெயிலில் கம்பியின் நிழல் சுவரில் விழுந்து இரண்டாவது கோடு ஒன்றைப் போட்டுக் கொடுக்கும். நிழற்படம் எடுக்க வருகிறவர்கள் அதைக் கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒரே தடிமனில் எழுதும் மைக்ரான் பேனாவை வைத்துக்கொண்டு குறைப்பட்டுக்கொள்ளும் மாணவர்களை அந்தச் சுவர்களுக்குத்தான் அனுப்புகிறேன். 005 பேனாவின் கோடு 0.20 மில்லிமீட்டர், 01 என்றால் 0.25, 05 என்றால் 0.45. இந்த மூன்று போதும். முன்னால் இருப்பதற்கு 05, பின்னால் இருப்பதற்கு 005, மற்றதெல்லாம் வளைவின் வேலை. நுனியை அழுத்தி மட்டும் எழுதாதீர்கள், உள்ளே போய்விடும்.

இனித் திரை. நான் திரைக்கு எதிரி அல்ல. என் வருமானத்தில் பெரும் பகுதி அதிலிருந்துதான் வருகிறது. தவறு என் அமைப்புகளில் இருந்தது.

ஸ்டெபிலைசர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஸ்டைலஸ், அதாவது திரையில் வரையும் பேனா, கடந்துபோன சில இடங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்து, கோட்டைக் கொஞ்சம் பின்னால் தாமதமாக வரைகிறது. நடுக்கம் கரைந்துவிடும், உண்மைதான். ஆனால் நடுக்கம் எது, முழங்கையின் கூர்மையான திருப்பம் எது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே மழுக்கிவிடும். மூக்கின் நுனி, மடிந்த வேட்டியின் முனை எல்லாம் சோப்புக்கட்டிபோல் உருண்டு போகின்றன. அதைவிடப் பெரிய கேடு, மெதுவாக இழுத்தாலும் கோடு நேராக வந்துவிடுவதால் கை வேகத்தையே மறந்துவிடுகிறது. நான் வரையும் கிளிப் ஸ்டுடியோ மென்பொருளில் அதை நூற்றுக்கு எழுபதிலிருந்து பத்துக்கு இறக்கினேன். புரோகிரியேட் என்ற இன்னொரு வரைமென்பொருளில் ஸ்ட்ரீம்லைன் என்ற பெயரில் இருப்பதும் இதே சங்கதிதான்; அங்கேயும் அதே அளவுக்குக் குறைத்தேன். முதல் இரண்டு வாரம் என் கோடுகளைப் பார்க்கவே மனம் வலித்தது. மூன்றாம் வாரத்தில் தோள் திரும்பி வந்தது.

அழுத்தத்தை இன்றைய ஸ்டைலஸ்கள் மிக நுட்பமாகப் படிக்கின்றன. வாக்கமின் புரோ பென் 2 அழுத்தத்தை 8192 படிகளாகப் பிரிக்கிறது. ஆனால் வேகத்தைத் தூரிகை அமைப்பில் நாமாகச் சேர்த்தால்தான் அது கோட்டுக்குள் வரும். கிளிப் ஸ்டுடியோவில் தூரிகை அளவை எது தீர்மானிக்க வேண்டும் என்ற பட்டியலில், அழுத்தத்தோடு வேகமும் ஒரு தேர்வாக இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற மென்பொருளிலும் உண்டு. வேகம் கூடக்கூடக் கோடு சற்றே மெலியும்படி, மிகக் குறைந்த அளவில் அதை வைத்தேன். நிப்பின் நடத்தை கொஞ்சம் திரைக்குள் வந்துவிட்டது. எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு தடிமன் என்று சொல்லும் வளைவரையையும் அவரவர் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். என் கை கனமானது, ஆகவே தொடக்கத்தில் வளைவரையைத் தாழ்த்தி வைத்திருக்கிறேன். கண்ணாடித் திரையின் வழுக்கலுக்குச் சொரசொரப்பான ஒரு படலம் ஒட்டினால் போதும். ஸ்டைலஸ் முனை சீக்கிரம் தேயும், தேயட்டும்.

பெரிதாக்குவதுதான் மிகப் பெரிய பொறி. நான்கு மடங்கு பெரிதாக்கி, திரையில் ஒரு மில்லிமீட்டராகத் தெரியும் கோட்டைப் போடுகிறோம். அச்சில் அது கால் மில்லிமீட்டர். அதன் உள்ளே போட்ட நுணுக்கக் கோடுகள் 0.1 மில்லிமீட்டருக்கும் கீழே போய் அறுந்து விழுகின்றன. என் கூரைகளுக்கு நேர்ந்தது இதுவே. இப்போது பக்கத்தில் இன்னொரு சாளரத்தில் அச்சு அளவிலேயே அதே படத்தைத் திறந்து வைத்திருக்கிறேன், பார்வை அங்கேதான் இருக்கும். போட்ட கோட்டைத் திரும்பப் பெறும் அன்டூவுக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: ஒரு கோட்டுக்கு ஒரு தடவை. இரண்டாவதும் சரியாக வராவிட்டால் அதை வைத்துக்கொண்டு மேலே போவேன். பக்கம் முடிந்த பிறகு திரும்பி வந்து பார்த்தால், அந்தக் கோடுகளில் பெரும்பாலானவை படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

திரை எனக்கு உண்மையிலேயே கொடுத்த வரம், கோட்டைப் பிக்சல்களாக அல்லாமல் கோடாகவே நினைவில் வைத்திருக்கும் வெக்டர் லேயர். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் வரை மட்டும் அழிக்கும் அழிப்பான் அதில் இருக்கிறது. அதனால் கோட்டை அது நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தவே வேண்டாம். தூணைத் தாண்டிக் காற்றில் ஓட விட்டுவிட்டு, தாண்டிய வாலை ஒரே தொடுதலில் எடுத்துவிடலாம். மாமாவின் பயிற்சிக்காகவே செய்ததுபோன்ற கருவி அது. காகிதத்தில் இதற்கு வெள்ளைச் சாயம் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

அச்சுக்கு அனுப்பும்போது ஒன்றை மறக்கக் கூடாது. திரை கோட்டின் விளிம்பைச் சாம்பல் பிக்சல்களால் மென்மையாக்கிக் காட்டும். ஆப்செட் அச்சில் சாம்பல் என்று ஒன்று இல்லை. அதைப் புள்ளிகளாக உடைத்துத்தான் அச்சிடுவார்கள், விளிம்பு பொரிந்துவிடும். கோட்டோவியத்தை அங்குலத்துக்கு 300 பிக்சலில் அனுப்பினால் போதாது. குறைந்தது 600, அதுவும் தூய கறுப்பு வெள்ளையாக. ஏ4 பக்கத்துக்கு 4960-க்கு 7016 பிக்சல் வரும். கையால் வரைந்ததை ஸ்கேனரில் வருடும்போதும் இதே கணக்குத்தான். காகிதத்தில் ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து சுருக்குவது பழைய வழக்கம், சிறு நடுக்கங்கள் சுருங்கி மறையும்; ஆனால் 0.20 கோடு 0.13 ஆகிவிடும் என்பதை நினைவில் வைத்துப் பேனாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்போது இரண்டையும் கலந்தே வேலை செய்கிறேன். பென்சில் படத்தைத் திரையில் போடுகிறேன். அளவை மாற்ற, முகத்தைப் புரட்டிப் பார்க்க அங்கே எளிது. அதை வெளிர் நீலத்தில் தடித்த காகிதத்தில் அச்சிட்டு, அதன்மேல் நிப்பால் மை போடுகிறேன். வண்ணத்தில் வருடி, படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிப் பகுதிகளில் நீலச் சேனலை மட்டும் எடுத்தால் அச்சிட்ட நீலம் வெள்ளையாகக் கரைந்து, மை மட்டும் நிற்கும். அழிப்பானே வேண்டாம். பெரிய கறுப்புப் பரப்புகளையும் திருத்தங்களையும் திரும்பத் திரையில் முடிக்கிறேன். இந்த வழியில் ஆண்டு மலரின் எட்டுப் பக்கங்களையும் யாரும் கேட்காமலேயே மறுபடி வரைந்தேன். அடுத்த பதிப்பு வருமா என்று தெரியாது, வராவிட்டாலும் பரவாயில்லை. கோபுரப் பக்கத்தை மட்டும் பலகை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போடாமலே கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "தூண் நடக்கிறது" என்றார். பிறகு கோபுரத்தின் இடது மூலையைக் காட்டி, "இங்கே மட்டும் யாரையோ கேட்டிருக்கிறாய்" என்றார். கேட்டிருந்தேன். அந்த மூலையில் மூன்று தடவை அழித்தது நினைவிருந்தது.

இந்த வாரம் வரைந்துகொண்டிருப்பது பாட்டியை. யாருக்காகவும் அல்ல. தலையில் விளக்கு, இடுப்பில் வாளி, ஒரு கித்தா மரம், சுற்றிலும் விடியாத இருட்டு. இருட்டை எல்லாம் தூரிகையால் நிரப்பி முடித்தாயிற்று. விளக்கின் வெளிச்சம் விழும் பட்டையை வெள்ளையாகவே விட்டிருக்கிறேன். அதில் வர வேண்டியது ஒரே ஒரு கோடு, இடது மேலிலிருந்து வலது கீழாகச் சரியும் அந்த வெட்டு. அதைத் தனிக் காகிதத்தில் பதினொரு தடவை இழுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவதைப் படத்திலேயே இழுத்துவிட்டேன், இப்போதுதான், கால்மணி நேரத்துக்கு முன்னால். வெளியே நல்ல மழை, கொடிமலை தெரியவில்லை. மேசை விசிறியை நிறுத்தி வைத்திருக்கிறேன். கோட்டின் வால் இன்னும் ஈரமாகப் பளபளக்கிறது.